திருப்பிக் கொடுத்த டிக்கெட்

தம்பி,

வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தை இனியாவைத் திருச்சியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். அதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ ‘அப்பா, சைட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்’ என்பாய். நானும் அந்த வாக்கியத்தை முப்பது வருஷம் சொன்னவன் என்பதால், அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். இதை யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் அலுவலகத்தில் பத்துப் பேரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. இதில் ரகசியம் என்று நான் எழுதப்போவது ஒன்றுதான். அது நாட்டின் ரகசியம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை சுகந்தி உன் பிரிவுத் தலைவருக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாது. குழந்தையின் மருந்து நேரத்தைக் காலண்டரில் குறித்துக்கொண்டே பேச வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கெஞ்சுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். “சார், பொண்ணுக்கு ஹார்ட் ஆபரேஷன். ஒரு மூணு நாளாவது அவரை விட்டீங்கன்னா போதும்” என்றாள். அந்த மனிதர், “அம்மா, நான் பத்து நாள் லீவு சாங்ஷன் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. அவர்தான் டெஸ்ட் முடியட்டும் சார், ஊர்ல எங்கப்பா இருக்காரு, பாத்துப்பாருன்னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லலியா?” என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு அழவில்லை. குழந்தைக்கு மாத்திரையைப் பொடி பண்ணித் தேனில் குழைத்துக் கொடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் வந்து, “மாமா, லீவே தரலன்னுதான் என்கிட்ட சொன்னாரு. ‘என் தங்கச்சி சாவுக்கே எங்கப்பாவ விடல, அந்த மாதிரி வேலை இது, நீ புரிஞ்சுக்கணும்’னு சொன்னாரு. அவரு பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. இத எங்க கத்துக்கிட்டாரு?” என்று கேட்டாள்.

என்னிடம் கற்றுக்கொண்டாய், தம்பி. அதைத்தான் அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடித்தபோது ஆய்ந்த காய் கறுத்துப்போயிருந்தது. “இத எழுதிக் குடுங்க மாமா. வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு. உங்களப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டாரு, நீங்களே சொன்னாலும்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

உன் தங்கை மலருக்குக் காய்ச்சல் வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு ஒன்பது. ஐப்பசி அடைமழை, குத்தாலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். முதலில் கும்பகோணம், அங்கே முடியாது என்று தஞ்சாவூர். நான் அப்போது கிழக்குக் கடற்கரையில், எண்ணூறு மைல் இல்லாவிட்டாலும் அப்படித் தோன்றுகிற தூரத்தில், கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகைக்குள் வேலை செய்துகொண்டிருந்தேன். உங்களிடம் பாய்லர் வேலை என்று சொல்லியிருந்தேன். அணு உலையில் ஓடுகிற, வயிற்றில் ஏவுகணை சுமக்கிற நீர்மூழ்கிக் கப்பலை நம் ஆட்களே முதல்முதலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் உடம்புக்கு வெல்டிங் செய்த ஆட்களில் நான் ஒருவன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால் வீட்டில் சொல்லக்கூடாது. அது நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால்தான் மற்றதையெல்லாம் ஒளித்து வைத்தேன்.

அந்த வேலை எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், மன்னிப்புக்காக இல்லை. என் அப்பா அடுத்தவர் வயலில் சேறு மிதித்தே செத்தவர். பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் அவருக்குச் சாப்பாடு. நான் ஐ.டி.ஐ. படித்து அந்தக் கொட்டகைக்குள் போன பிறகு, நான் வெல்டு வைத்த இடத்தைப் பெரிய பெரிய அதிகாரிகள் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். என்னை யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பலின் உடம்பைப் பெரிய பெரிய வளையங்களாகச் செய்து, ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கும்போது இரும்பைச் சூடாக்கி, அந்தச் சூடு இறங்காமல் காத்து, ஆள் மாற்றி ஆள் நாள்கணக்கில் வெல்டு வைக்க வேண்டும். நடுவில் ஆறினால் விரிசல் விடும். அந்த வாரம் முக்கியமான ஒரு வளையம் சேர்வதாக இருந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த ஆறு பேரில் நான் ஒருவன். ஏழாவதாக, யாருக்காவது முடியாமல் போனால் உதவ, தாஸ் என்று ஒடிசாக்காரர் ஒருவர் தயாராக இருந்தார். அவருக்கும் அதே பரீட்சை, அதே தேர்ச்சி.

புதன்கிழமை மத்தியானம் உன் மாமா தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து போன் செய்தார். செய்தி என் அதிகாரிக்குப் போனது. சாயந்தரம் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ரயில் டிக்கெட் இருந்தது. அவரே ஆள் அனுப்பி எடுத்திருந்தார். “பொண்ணுக்கு ரொம்ப சீரியஸாம்ப்பா. இன்னைக்கே கிளம்பு. தாஸ் பாத்துக்குவார்” என்றார். நான் டிக்கெட்டைக் கையில் வாங்கினேன். பார்த்தேன். பிறகு அவர் மேஜைமேலேயே திருப்பி வைத்துவிட்டு, “இந்த வளையத்த முடிச்சுட்டுப் போறேன் சார்” என்றேன். அவர் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். அவர் கண்கலங்கி என் தோளைத் தட்டினார். நான் பெரிய தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சநேரத்தில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்று கிளம்பியிருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் தஞ்சாவூரில் இருந்திருப்பேன். மலர் சனிக்கிழமை முற்பகலில் இறந்தாள். ஒரு நாளைக்கு மேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதை நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டதில், கிடைக்கிற பதிலை உனக்கும் சொல்கிறேன். நாடு என்பது அந்த அறையில் எனக்கு ஞாபகம்கூட வரவில்லை. தாஸ் என் இடத்தில் உட்கார்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. அது முக்கால் பங்கு. மீதி, பயம். கொட்டகைக்குள் எல்லாம் என் கைக்குக் கட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தை கட்டிலில் கிடக்கும், நான் ஓரமாக நிற்க வேண்டும், டாக்டர் ஏதோ சொல்வார், கேட்டுக்கொள்ள வேண்டும், உன் அம்மா செண்பகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு இரும்பே தேவலை என்று இருந்தது. நீ இப்போது எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உன் மாமா திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். போன் எடுக்கிற குமாஸ்தா என்னிடம் வந்து, “என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார். “உள்ள இருக்காரு, கூப்பிட முடியாதுன்னு சொல்லிடுங்க” என்றேன். இதை என் வாயால் சொன்னேன். அடுத்த ஷிஃப்ட் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் முறை முடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் குளித்திருந்தார்கள். உன் தலை ஈரமாக இருந்தது. நீ வாசலுக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டு, “ஏம்ப்பா வரல?” என்று கேட்டாய். ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. நான், “விடலப்பா. கால்ல விழுந்து கேட்டேன், விடல” என்றேன். கால்ல விழுந்து என்பதை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. கேட்டவர்களில் சிலர் அழுதார்கள். உன் அம்மா உள்ளே இருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, “நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவி பசங்க” என்று சொல்லித் தேற்றினாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்னைத் தேற்றினாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

பதினாறு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அந்த வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு முழ நீளத்துக்குக் குறை இருந்தது. யாருடைய முறையில் வந்தது என்று பதிவு உண்டு. வெள்ளிக்கிழமை, என் முறை. கை நடுங்கியிருக்க வேண்டும், எனக்கு அப்போது தெரியவில்லை. இம்மாதிரி நடப்பது சகஜம், யாரும் திட்டவில்லை. குறை இருந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைத்திருந்தார்கள். வைத்தவர் தாஸ். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அவருக்கும் ஒரு பெண் இருந்தாள். மலரை விட்டுவிட்டு நான் எதைச் செய்வதற்காக அங்கே இருந்தேனோ, அது அந்தக் கப்பலில் இல்லை, தம்பி. அரைத்துத் தூளாகக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

பல வருஷம் கழித்துக் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். டிவியில் சொன்ன அன்றுதான் உங்களிடம் வாய் திறந்தேன். நீ கல்லூரியிலிருந்து போன் செய்து, ‘அப்பா, நீங்களா, நீங்களா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டு, “இதுக்காகத்தான் விடாம வச்சிருந்தாங்களா. சரி, சும்மா இல்ல” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. மலர் ஏதோ ஒன்றுக்காகப் போனாள் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். நீ அந்த வருஷமே முடிவு செய்துவிட்டாய், இதே வேலைக்குத்தான் போவேன் என்று. நான் தடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஓய்வு பெறும்போது நீ உள்ளே போனாய்.

ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம், என் பழைய அதிகாரி மனைவியோடு வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். அம்மா காபி கொடுத்தாள். அவர் என்னைப் புகழ்வதாக நினைத்து அவளிடம் ஆரம்பித்தார். “உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள நான் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா. பொண்ணுக்கு முடியலன்னு போன் வந்ததும் நானே டிக்கெட் எடுத்துக் கையில குடுத்தேன். திருப்பிக் குடுத்துட்டாரு. எவ்வளவோ சொன்னேன், வேலைய முடிச்சிட்டுத்தான் போவேன்னுட்டாரு.” நான் ஏதோ பேச்சை மாற்றப் பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “என்னைக்குங்க சார் டிக்கெட் குடுத்தீங்க?” என்று கேட்டாள். “புதன்கிழமை சாயந்தரம்மா” என்றார். “அப்படிங்களா” என்றாள். அவர்களுக்கு முறுக்கு வைத்தாள், அந்த அம்மாளுக்குக் குங்குமச் சிமிழை நீட்டப் போய், அவர்கள் கிறிஸ்தவர்கள் என்று ஞாபகம் வந்து பூ மட்டும் கொடுத்தாள். கார் கிளம்புகிறவரை வாசலில் நின்றாள்.

உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. “அவ என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பா ஏம்மா வரலன்னு. ஆபீஸ்ல விட மாட்டேங்குறாங்கடி, விட்டா பறந்து வந்துருவாருன்னு சொன்னேன். அப்பறம் வெள்ளிக்கிழமை மத்தியானம், கேட்டா நான் அழுவேன்னு தெரிஞ்சுபோய், கேக்கறத நிறுத்திட்டா. சாகப்போற புள்ளகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க” என்றாள். நான் அவள் காலைத் தொடப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். “பையன்கிட்ட சொல்லாதீங்க. அவனுக்காவது அப்பான்னு ஒருத்தர் இருக்கட்டும்” என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் இருந்த ஐந்து வருஷமும் எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். என் வேட்டியைத் துவைத்தாள். உப்பு, புளி, கரண்ட் பில் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. நீ வரும்போது மட்டும் உனக்காக என்னோடு சிரித்துப் பேசுவாள். கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நான் உள்ளே போனால், “நீங்க வெளியில இருங்க” என்பாள். எத்தனை தடவை போனாலும் அதையேதான் சொன்னாள். பதினோரு நாள் நான் வராந்தா பெஞ்சில்தான் இருந்தேன். நீ வந்த அன்று அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க பாத்துக் கஷ்டப்படக்கூடாதுன்னு நெனைக்கிறாங்கப்பா” என்றாய். நான் தலையாட்டினேன். அவள் இறக்கும்போது சுகந்தியின் கை அவள் கையில் இருந்தது. நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன். அது எனக்கு அவள் கொடுத்த தண்டனை. அளந்துதான் கொடுத்தாள், கூடக் கொடுக்கவில்லை.

அவளுக்குச் செய்த சத்தியத்தை இப்போது மீறுகிறேன். அவள் இருந்திருந்தால் அவளே மீறச் சொல்லியிருப்பாள் என்று எழுதிச் சமாதானம் செய்துகொள்ளலாம். எனக்கு அது தெரியாது, அதனால் எழுதவில்லை.

நீ உன்னை ஏமாற்றிக்கொள்ள ஏதாவது காரணம் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துவிடுகிறேன். உன் டெஸ்டை வேறொருவர் செய்வார். உன் அளவுக்கு நன்றாகவே செய்வார், ஒருவேளை உன்னைவிட நன்றாகவும். கப்பல் மிதக்கும், மூழ்கும், எழும்பும். அதில் உன் பேர் எங்கேயும் பொறிக்கப்படாது, என் பேரும் இல்லை. நாடு உன்னிடம் குழந்தையைக் கேட்கவில்லை. நீயாகத்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாய், கேட்காதவர்களிடம். அதற்குத் தியாகம் என்று பேர் வைக்க என்னிடமிருந்து கற்றாய். நான் உனக்குக் கொடுத்த சொத்து அது ஒன்றுதான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு எல்லாம் தெரிகிறது. நேற்றுக் காவிரிப் படித்துறையில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது, “தாத்தா, அப்பாவோட ஆபீஸ்ல ரொம்ப கெட்டவங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் அனுப்ப மாட்டேங்குறாங்க?” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியதால் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கும் நிலையில் இருப்பாளா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பெரும்பாலும் நன்றாக ஆகிவிடும் என்றார். பெரும்பாலும் என்கிற வார்த்தையை அவர் சொன்னபோது சுகந்தி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ உட்கார வேண்டிய நாற்காலி.

என்னை வெறுக்க உனக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது. வந்து இனியா கண் விழித்த பிறகு வைத்துக்கொள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சொல், நான் குத்தாலத்திலேயே இருந்துவிடுகிறேன். வராந்தா பெஞ்சுக்குக்கூட வர மாட்டேன்.

இதை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றைச் சுகந்தியிடம் கொடுத்திருக்கிறேன். இனியா நன்றாகி, பெரியவளாகி, தன் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்கிற வயசு வந்ததும் அவளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிரதியில் என் கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை நீ வந்தாயா, வரவில்லையா என்பதைச் சுகந்தி அதில் எழுதிக்கொள்வாள்.

அப்பா